செலுலோசைக் கரைத்தல்: சூழலுக்கு உகந்த கரைப்பான்களைத் தேடி

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
தொடர்புடைய பகுதிகள்: இரசாயனப் பிணைப்பு, பல்பகுதியங்கள், கலவைகள், சூழல் மாசடைதல்

அறிமுகம்

மாணவர்களே, பருத்திச் சட்டையை எத்தனை தடவை தோய்த்தாலும் அது நீரில் கரைவதில்லை. ஆனால் பருத்தி, குளுக்கோசு அலகுகளால் ஆனது. குளுக்கோசோ நீரில் உடனே கரைகிறது. ஒரே பொருளால் ஆன இரண்டில் ஒன்று கரைகிறது, மற்றொன்று கரையவில்லை. இதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் இப்பாடத்தின் அரைவாசி முடிந்தது எனலாம்.

மீதி அரைவாசி, செலுலோசைக் கரைப்பதற்கு மனிதன் பயன்படுத்திய கரைப்பான்கள் பற்றியது. மரத்தை நூலாக்க வேண்டுமெனில் அதிலுள்ள செலுலோசை முதலில் கரைக்க வேண்டும். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன்படும் ஒரு முறை, தொழிலாளரின் நரம்புகளைத் தாக்கும் நஞ்சு ஒன்றைத் துணையாகக் கொண்டது. அதனாலேயே பாதுகாப்பான கரைப்பான்களை உலகெங்கும் விஞ்ஞானிகள் தேடினர், இன்றும் தேடுகின்றனர்.

இப்பாடத்தில் நீங்கள் கற்க வேண்டியவை மூன்று:
(அ) செலுலோசு நீரில் கரையாததன் காரணம்
(ஆ) பழைய முறைகளும் அவற்றின் பாதிப்புகளும்
(இ) புதிய கரைப்பான்களும் அவற்றை மதிப்பிடும் விதமும்

1. செலுலோசு என்றால் என்ன?

தாவரக் கலச்சுவரின் பிரதான கூறு செலுலோசு ஆகும். பூமியில் மிகக் கூடுதலாகக் காணப்படும் சேதனப் பல்பகுதியமும் இதுவே. 1838 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இரசாயனவியலாளர் அன்செல்ம் பாயன் என்பவர் தாவரப் பகுதிகளிலிருந்து இதனை வேறாக்கினார்.

பருத்தி நாரில் ஏறத்தாழ 90% செலுலோசு ஆகும். மரத்தில் இது 40% – 50% வரை காணப்படும். மரத்தின் எஞ்சிய பகுதி பெரும்பாலும் இலிக்னினும் அரைச்செலுலோசும் ஆகும். நீங்கள் எழுதும் அப்பியாசக் கொப்பியின் தாளும் செலுலோசு நார்களாலானதே.

ஒருபகுதியம்: குளுக்கோசு
பல்பகுதியம்: செலுலோசு

இரண்டு குளுக்கோசு மூலக்கூறுகள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். இவ்வாறு நூற்றுக்கணக்கான, சில வேளைகளில் ஆயிரக்கணக்கான குளுக்கோசு அலகுகள் பங்கீட்டு வலுப் பிணைப்பினால் இணைந்து நீண்ட சங்கிலியாகின்றன.

மாப்பொருளும் குளுக்கோசினாலேயே ஆனது. வேறுபாடு, அலகுகள் இணையும் விதத்திலாகும். மாப்பொருளில் அல்பா இணைப்பும் செலுலோசில் பீற்றா இணைப்பும் உண்டு. அல்பா இணைப்பினால் மாப்பொருட் சங்கிலி சுருளாக வளைகிறது. பீற்றா இணைப்பினால் செலுலோசுச் சங்கிலி நேராக நீண்டு கிடக்கிறது. நேரான சங்கிலிகள் ஒன்றோடொன்று மிக நெருக்கமாக அடுக்கப்படலாம். அரிசியை வேகவைத்தால் மென்மையாவதற்கும், அதே நெற்பயிரின் வைக்கோல் எவ்வளவு அவித்தாலும் சோறாகாததற்கும் இதுவே முக்கிய காரணம்.

2. செலுலோசு ஏன் நீரில் கரைவதில்லை?

கரையம் ஒன்று கரைய வேண்டுமெனில், கரையத் துணிக்கைகளுக்கிடையே உள்ள கவர்ச்சியை வென்று, கரைப்பான் துணிக்கைகள் இடையில் புக வேண்டும்.

செலுலோசுச் சங்கிலியின் ஒவ்வொரு குளுக்கோசு அலகிலும் மூன்று ஐதரொட்சைல் கூட்டங்கள் உள்ளன. இவை ஒரே சங்கிலிக்குள்ளும், பக்கத்துச் சங்கிலிகளுடனும் ஐதரசன் பிணைப்புகளை ஏற்படுத்துகின்றன. இதற்கு மேலதிகமாக, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட சங்கிலித் தளங்களுக்கிடையேயும் கவர்ச்சி விசைகள் தொழிற்படுகின்றன.

தனி ஐதரசன் பிணைப்பு ஒன்று, பங்கீட்டு வலுப் பிணைப்பை விட மிகவும் நலிந்தது. அப்படியாயின் ஏன் பிரிக்க முடியவில்லை? காரணம் எண்ணிக்கை. பற்றைக்குள் நடந்து வரும்போது உடுப்பில் நாயுருவி ஒட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒன்று ஒட்டினால் விரலால் தட்டிவிடலாம். ஓரம் முழுவதும் ஒட்டினால் இழுத்தெடுப்பது பெரும்பாடு. ஒவ்வொரு பிணைப்பும் நலிந்தது, ஆயினும் ஆயிரக்கணக்கில் சேரும்போது மிக வலிமையானது.

நீர் மூலக்கூறுகளும் ஐதரசன் பிணைப்பை ஏற்படுத்தக் கூடியவை. அதனால் பருத்தி நீரை உறிஞ்சுகிறது. ஆனால் சங்கிலிகள் நெருங்கி அடுக்கப்பட்ட பளிங்குப் பகுதிகளுக்குள் நீர் புகுந்து அவற்றைப் பிரித்துவிட இயலாது. ஆகவே துணி நனையும், கரையாது.

கவனிக்க: செலுலோசைக் கரைத்தல் என்பது சங்கிலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தலாகும். சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுதல் அல்ல. செறிந்த அமிலத்தில் இட்டால் செலுலோசு நீர்ப்பகுப்படைந்து குறுகிய துண்டுகளாகவும் இறுதியில் குளுக்கோசாகவும் மாறும். அதிலிருந்து உறுதியான நூலைப் பெற முடியாது. எனவே நல்ல கரைப்பான், சங்கிலிகளுக்கிடையேயான ஐதரசன் பிணைப்பை நீக்க வேண்டும். சங்கிலியிலுள்ள பங்கீட்டு வலுப் பிணைப்பைத் தொடக்கூடாது. இந்த வேறுபாட்டைப் பல மாணவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. இருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

இலகு செயற்பாடு: மூன்று கண்ணாடிக் குவளைகளில் சம அளவு நீர் எடுத்து, ஒன்றில் சீனியும், ஒன்றில் கோதுமை மாவும், ஒன்றில் சிறிது பருத்திப் பஞ்சும் இடுங்கள். நன்கு கலக்கிப் பத்து நிமிடங்களின் பின் அவதானங்களை அட்டவணைப்படுத்துங்கள். கரைதல், தொங்கல், நனைதல் ஆகிய மூன்றையும் இதில் வேறுபடுத்தி அறியலாம்.

3. பழைய முறைகள்

3.1 செப்பு – அமோனியா முறை

1857 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த சுவைட்சர் என்னும் இரசாயனவியலாளர், செப்பு ஐதரொட்சைட்டை அமோனியாக் கரைசலில் கரைத்துப் பெறும் கடும் நீலநிறக் கரைசலில் பருத்தி கரைவதைக் கண்டறிந்தார். இம்முறையில் மென்மையான நூல் கிடைத்தது. எனினும் கழிவுநீருடன் செப்பு அயன்கள் வெளியேறினால் நீர்வாழ் உயிரினங்கள் பாதிக்கப்படும். செப்பை மீளப் பெறுவதற்கும் செலவு அதிகம்.

3.2 நைத்திரோசெலுலோசு முறை

பிரான்சைச் சேர்ந்த சார்டொனே என்பவர் செலுலோசை நைத்திரோசெலுலோசாக மாற்றி, அதனை ஈதர், அற்ககோல் கலவையில் கரைத்து நூலாக்கினார். 1889 ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இந்தச் 'செயற்கைப் பட்டு' காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆனால் நைத்திரோசெலுலோசு மிக எளிதில் தீப்பற்றக் கூடியது. ஆகவே இம்முறை நிலைக்கவில்லை.

3.3 விஸ்கோஸ் முறை

1892 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் குறொஸ், பெவன், பீடில் ஆகிய மூவரும் இம்முறைக்கு ஆக்கவுரிமை பெற்றனர். இன்று மரத்திலிருந்து பெறப்படும் நூலில் பெரும்பங்கு இம்முறையினாலேயே தயாரிக்கப்படுகிறது. கடைகளில் வாங்கும் உடுப்புகளின் உட்பக்கச் சீட்டில் 'விஸ்கோஸ்' அல்லது 'ரேயன்' என எழுதியிருப்பதைப் பாருங்கள்.

படிமுறைகள் வருமாறு:
(i) மரக்கூழிலிருந்து பெற்ற செலுலோசைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைத்தல்.
(ii) அதனைக் காபன் இருசல்பைட்டுடன் தாக்கமுறச் செய்தல். செம்மஞ்சள் நிறமான செலுலோசு சாந்தேற்று உண்டாகும்.
(iii) இதனை ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் கரைத்தல். தேன் போன்ற பாகுத்தன்மையுள்ள திரவம் கிடைக்கும். இதுவே விஸ்கோஸ்.
(iv) இத்திரவத்தை நுண்துளைகளூடாகச் சல்பூரிக் அமிலம் கொண்ட தொட்டிக்குள் செலுத்துதல். சாந்தேற்று மீண்டும் செலுலோசாக மாறி நூலாகும். காபன் இருசல்பைட்டு வெளியேறும். பக்கவிளைவாக ஐதரசன் சல்பைட்டு வாயுவும் உண்டாகும்.

நுண்துளைகளுக்குப் பதிலாக நீண்ட ஒடுங்கிய பிளவினூடாகச் செலுத்தினால், ஒளியை ஊடுபுகவிடும் செலோபேன் தாள் கிடைக்கும்.

இங்கு காபன் இருசல்பைட்டு செலுலோசைத் தற்காலிகமாக வேறொரு சேர்வையாக மாற்றி, கரையக்கூடியதாக்குகிறது. இறுதி நூலில் அது இருப்பதில்லை. உடுப்பை அணிபவருக்கு அதனால் ஆபத்தில்லை. ஆபத்து, அதனைத் தயாரிப்பவருக்கே.

காபன் இருசல்பைட்டின் கொதிநிலை ஏறத்தாழ 46 பாகை செல்சியஸ் மட்டுமே. எனவே அறைவெப்பநிலையிலேயே விரைவாக ஆவியாகும். எளிதில் தீப்பற்றும். நீண்டகாலம் சுவாசித்தால் நரம்புத் தொகுதி, மூளை, இதயம், குருதிக்கலன்கள் ஆகியன பாதிப்படையும். ஐதரசன் சல்பைட்டும் நச்சு வாயுவாகும்.

தென்கொரியாவில் சோல் நகருக்கு அண்மையில் இயங்கிய வொன்ஜின் ரேயன் தொழிற்சாலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர் காபன் இருசல்பைட்டினால் நஞ்சூட்டப்பட்டனர். சிலருக்குக் கைகால் விளங்காமற் போனது; சிலருக்குப் பேச்சு குழறியது; சிலரது மனநலம் குன்றியது. 1988 ஆம் ஆண்டில் இவ்விடயம் வெளிச்சத்துக்கு வந்தது. 1993 ஆம் ஆண்டில் தொழிற்சாலை மூடப்பட்டது. ஆனால் இழந்த உடல்நலம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

இன்று முறையாக இயங்கும் விஸ்கோஸ் தொழிற்சாலைகள் மூடிய இயந்திரங்களைப் பயன்படுத்துவதுடன், வெளியேறும் வாயுக்களையும் சேகரித்து மீளப் பயன்படுத்துகின்றன. இவ்வாறு செய்யும்போது பாதிப்பு பெருமளவு குறையும். எனினும் இந்த நஞ்சே தேவைப்படாத முறை ஒன்று இருப்பின் அதுவே சிறந்ததன்றோ? இதுவே புதிய கரைப்பான்களுக்கான தேடலின் அடிப்படை.

4. 'சூழலுக்கு உகந்தது' என்று எதனைக் கூறலாம்?

போல் அனஸ்ரஸ், ஜோன் வோர்னர் ஆகிய அமெரிக்க இரசாயனவியலாளர் இருவரும் 1998 ஆம் ஆண்டில் பசுமை இரசாயனத்தின் 12 கோட்பாடுகளை வெளியிட்டனர். கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்திகரிப்பதிலும் பார்க்க, கழிவு உண்டாகாமலேயே தடுப்பது நல்லது என்பது முதலாவது கோட்பாடாகும். அக்கோட்பாடுகளிலிருந்து, செலுலோசுக் கரைப்பான் ஒன்றை மதிப்பிடுவதற்கு ஐந்து வினாக்களை அமைத்துக்கொள்ளலாம்.

(1) தொழிலாளருக்கும் உயிரினங்களுக்கும் நஞ்சாகுமா?
(2) எளிதில் ஆவியாகுமா? தீப்பற்றுமா? வெடிக்குமா?
(3) பயன்படுத்திய பின் எத்தனை வீதம் மீளப் பெறலாம்?
(4) எவ்வளவு சக்தி தேவைப்படும்?
(5) எஞ்சும் கழிவு என்ன? அது சூழலில் பிரிந்தழியுமா?

இந்த ஐந்தையும் மனதில் வைத்துக்கொண்டு பின்வரும் மூன்று கரைப்பான்களையும் பாருங்கள்.

5. மூன்று புதிய கரைப்பான்கள்

5.1 அமீன் ஒட்சைட்டுக் கரைப்பான் (லயோசெல் முறை)

இதன் முழுப்பெயர் என்-மெதயில்மோபொலின் என்-ஒட்சைட்டு. பெயரை மனனம் செய்யத் தேவையில்லை. தொழிற்படும் விதத்தை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள்.

இம்மூலக்கூறில் நைதரசனுடன் இணைந்த ஒட்சிசன் அணு ஒன்று உண்டு. அந்த ஒட்சிசன், செலுலோசின் ஐதரொட்சைல் கூட்டங்களுடன் வலிமையான ஐதரசன் பிணைப்பை ஏற்படுத்தும். அதாவது, ஒரு சங்கிலி பக்கத்துச் சங்கிலியைப் பிடித்திருந்த இடத்தைக் கரைப்பான் மூலக்கூறு பிடித்துக்கொள்கிறது. சங்கிலிகள் பிரிகின்றன. செலுலோசு வேறு சேர்வையாக மாறாமலே கரைகிறது.

தொழிற்சாலையில் மரக்கூழை நீர் கலந்த கரைப்பானுடன் சேர்த்து, குறைந்த அமுக்கத்தில் வெப்பமாக்கி மேலதிக நீரை ஆவியாக்குவர். நீர் போதியளவு குறைந்ததும் செலுலோசு கரைந்துவிடும். இக்கரைசலை நுண்துளைகளூடாக வளியினுள் செலுத்தி, பின் நீர்த்தொட்டிக்குள் விழச் செய்வர். அங்கே நீர் மூலக்கூறுகள் கரைப்பானைத் தம்பால் இழுத்துக்கொள்ள, செலுலோசுச் சங்கிலிகள் மீண்டும் ஒன்று சேர்ந்து நூலாகின்றன.

தொட்டியிலுள்ள நீரையும் கரைப்பானையும் சேகரித்து, சுத்திகரித்து, நீரை ஆவியாக்கினால் கரைப்பான் மீண்டும் தயார். நவீன தொழிற்சாலைகளில் 99% இற்கும் மேற்பட்ட கரைப்பான் மீளப் பெறப்படுகிறது.

அமீன் ஒட்சைட்டுகள் செலுலோசைக் கரைக்கும் என்பது 1939 ஆம் ஆண்டிலேயே ஆக்கவுரிமைப் பத்திரம் ஒன்றில் பதிவாகியிருந்தது. ஆயினும் கோர்ட்டோல்ட்ஸ் நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மொபைல் நகரில் பெருமளவு உற்பத்தியை ஆரம்பித்தது 1992 ஆம் ஆண்டிலாகும். ஒஸ்திரியாவின் லென்சிங் நிறுவனம் 1997 ஆம் ஆண்டில் தனது தொழிற்சாலையைத் தொடங்கியது. இம்முறையில் பெறப்படும் லயோசெல் 'டென்செல்' எனும் வணிகப் பெயரிலும் விற்கப்படுகிறது. ஆய்வுகூடக் கண்டுபிடிப்பு ஒன்று தொழிற்சாலையை அடைய அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது என்பதைக் கவனியுங்கள்.

குறைபாடு: நீரை ஆவியாக்க அதிக சக்தி தேவை. அத்துடன் கரைப்பானை அளவுக்கு மீறி வெப்பமாக்கினால் அது கட்டுப்பாடின்றிப் பிரிகையடைந்து வெப்பத்தை வெளிவிடும். வெடிப்பும் நிகழலாம். ஆகவே வெப்பநிலையைக் கவனமாகக் கட்டுப்படுத்தி, நிலைப்படுத்தும் பதார்த்தங்களும் சேர்க்கப்படுகின்றன.

5.2 குளிர்ந்த சோடியம் ஐதரொட்சைட்டு – யூரியாக் கரைசல்

சீனாவின் வூஹான் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை சாங் லினாவும் அவரது குழுவினரும் இதனை உருவாக்கினர். இதன் அமைப்பு திணிவுப்படி சோடியம் ஐதரொட்சைட்டு 7%, யூரியா 12%, நீர் 81% ஆகும். இக்கலவையை −12 பாகை செல்சியஸ் வரை குளிர்த்தி, செலுலோசை இட்டு விரைவாகக் கலக்கினால் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் அது கரைந்துவிடும். இத்துறையிலான அவரது பணிக்காக 2011 ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் அன்செல்ம் பாயன் விருது அவருக்குக் கிடைத்தது. செலுலோசை வேறாக்கிய அதே பாயனின் பெயரிலான விருதே இது.

யூரியா என்பது வயலுக்கு இடும் அதே பசளைதான். சோடியம் ஐதரொட்சைட்டு சவர்க்காரம் செய்யப் பயன்படுவது. விலை குறைந்த, ஆவியாகாத இரண்டு பதார்த்தங்கள்.

பொதுவாக வெப்பநிலை கூடும்போது திண்மங்களின் கரைதிறன் கூடும் எனப் படித்திருப்பீர்கள். இங்கு மாறாக, குளிர்த்தினாலேயே கரைகிறது. ஏனெனில் இக்கரைதல் வெப்பத்தை வெளிவிடும் செயன்முறையாகும். தாழ்ந்த வெப்பநிலையில் சோடியம் ஐதரொட்சைட்டும் நீரும் சேர்ந்து செலுலோசுச் சங்கிலியுடன் பிணைகின்றன. யூரியா அதனைச் சூழ்ந்து உறை போலிருந்து சங்கிலிகள் மீண்டும் ஒட்டாமல் தடுக்கிறது என அக்குழுவினர் விளக்கினர்.

குறைபாடு: மிக நீண்ட சங்கிலிகள் நன்கு கரைவதில்லை. கரைசலின் செலுலோசுச் செறிவும் குறைவு. வெப்பநிலை கூடினால் கரைசல் கூழ் நிலையை அடையும். குளிர்த்தவும் சக்தி வேண்டும். நூலாக்கும் போது அமிலத் தொட்டி பயன்படுத்தினால் காரம் நடுநிலையாக்கப்பட்டு உப்பு உண்டாகும். அதனையும் கையாள வேண்டும்.

எச்சரிக்கை: சோடியம் ஐதரொட்சைட்டு தோலையும் கண்ணையும் கடுமையாக அரிக்கும். வீட்டில் இதனைச் செய்து பார்க்க வேண்டாம்.

5.3 அயன் திரவங்கள்

சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைட்டு 801 பாகை செல்சியசில் உருகும். ஆனால் 100 பாகை செல்சியசிலும் குறைந்த வெப்பநிலையில் உருகும் உப்புகளும் உள்ளன. அவை அயன் திரவங்கள் எனப்படும். பெரிய, ஒழுங்கற்ற வடிவமுள்ள கற்றயன்கள் நெருக்கமாக அடுக்கப்பட முடியாததால் உருகுநிலை தாழ்ந்து காணப்படுகிறது.

2002 ஆம் ஆண்டில் அலபாமா பல்கலைக்கழகத்தில் ரொபின் ரொஜர்ஸ் குழுவினர், இமிடசோலியம் வகைக் குளோரைட்டு ஒன்று செலுலோசைக் கரைப்பதை அறிவித்தனர். இங்கு குளோரைட்டு அயன், செலுலோசின் ஐதரொட்சைல் கூட்டத்திலுள்ள ஐதரசனைக் கவர்ந்து சங்கிலிகளைப் பிரிக்கிறது. நீர் சேர்த்தால் செலுலோசு வீழ்படிவாகும்.

பின்லாந்தில் ஆல்ட்டோ பல்கலைக்கழகமும் ஹெல்சிங்கி பல்கலைக்கழகமும் இணைந்து, வேறொரு அயன் திரவத்தைக் கொண்டு 'அயன்செல்' எனும் நூலாக்க முறையை உருவாக்கின. 2018 ஆம் ஆண்டு பின்லாந்தின் சுதந்திர தின வைபவத்தில் அந்நாட்டு ஜனாதிபதியின் பாரியார், பேர்ச் மரத்திலிருந்து இம்முறையில் பெறப்பட்ட நூலாலான ஆடையை அணிந்தார். பழைய பருத்தித் துணிகளையும் இம்முறையில் கரைத்து மீண்டும் நூலாக்கலாம். பருத்தியும் பொலியெஸ்டரும் கலந்த துணியில் செலுலோசு மட்டும் கரைவதால் இரண்டையும் வேறாக்கவும் முடியும்.

குறைபாடு: விலை மிக அதிகம். ஆவியாவது மிகக் குறைவு என்பதால் வளி மாசடையாது என்பது உண்மை. ஆனால் 'ஆவியாகாது' என்பதும் 'நஞ்சற்றது' என்பதும் ஒன்றல்ல. சில அயன் திரவங்கள் நீர்வாழ் உயிரினங்களுக்கு நஞ்சானவை. எனவே முழுமையாக மீளப் பெற்றால் மாத்திரமே இவை பயனுள்ளவை.

6. கணித்தல்கள்

உதாரணம் 1: 250 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு – யூரியாக் கரைசல் தயாரிக்கத் தேவையான திணிவுகள் யாவை?
சோடியம் ஐதரொட்சைட்டு = 250 × 7/100 = 17.5 கிராம்
யூரியா = 250 × 12/100 = 30 கிராம்
நீர் = 250 − (17.5 + 30) = 202.5 கிராம்

உதாரணம் 2: 1000 குளுக்கோசு அலகுகள் கொண்ட செலுலோசுச் சங்கிலி ஒன்றின் சார் மூலக்கூற்றுத் திணிவு யாது? (குளுக்கோசு 180, நீர் 18)
1000 அலகுகள் இணைய 999 இணைப்புகள் வேண்டும். ஆகவே வெளியேறும் நீர் மூலக்கூறுகள் 999.
(1000 × 180) − (999 × 18) = 180 000 − 17 982 = 162 018

உதாரணம் 3: ஒரு சுற்றுக்கு 1000 கிலோகிராம் கரைப்பான் பயன்படும் தொழிற்சாலை இரண்டில், ஒன்று 99% உம் மற்றையது 90% உம் மீளப் பெறுகின்றன. 100 சுற்றுகளில் இழக்கப்படும் கரைப்பான் எவ்வளவு?
முதலாவது: 10 × 100 = 1000 கிலோகிராம்
இரண்டாவது: 100 × 100 = 10 000 கிலோகிராம்
மீளப் பெறும் வீதத்தில் வேறுபாடு 9% தான். ஆனால் சூழலைச் சேரும் அளவு பத்து மடங்கு. கரைப்பானின் பெயரை விட, அதனை மீளப் பெறும் வீதம் எவ்வளவு முக்கியமானது என்பதை இது காட்டுகிறது.

7. மாதிரி வினாக்களும் விடைகளும்

(1) பருத்தி நீரை உறிஞ்சினும் நீரில் கரைவதில்லை. காரணம் தருக.
விடை: செலுலோசின் ஐதரொட்சைல் கூட்டங்கள் நீருடன் ஐதரசன் பிணைப்பை ஏற்படுத்துவதால் நீர் உறிஞ்சப்படும். ஆனால் நெருக்கமாக அடுக்கப்பட்ட சங்கிலிகளுக்கிடையேயுள்ள எண்ணற்ற ஐதரசன் பிணைப்புகளையும் ஏனைய கவர்ச்சி விசைகளையும் நீரினால் வெல்ல இயலாது. ஆகவே கரையாது.

(2) விஸ்கோஸ் முறைக்கும் லயோசெல் முறைக்கும் இடையிலான வேறுபாடுகள் இரண்டு தருக.
விடை: விஸ்கோஸ் முறையில் செலுலோசு வேறொரு சேர்வையாக மாற்றப்பட்டே கரைக்கப்படும், லயோசெல் முறையில் நேரடியாகக் கரைக்கப்படும். விஸ்கோஸ் முறையில் நச்சுத்தன்மையான காபன் இருசல்பைட்டு தேவை. லயோசெல் முறையில் அது தேவையில்லை, கரைப்பானில் 99% இற்கு மேல் மீளப் பெறலாம்.

(3) "மரத்திலிருந்து செய்யப்படுவதால் விஸ்கோஸ் சூழலுக்கு உகந்தது." இக்கூற்றை ஆராய்க.
இவ்வகை வினாவுக்குப் பலர் "ஆம், அது இயற்கையானது, உக்கி அழியும்" என ஒரு வரியில் எழுதிவிடுவர். அது அரைவாசி விடை மட்டுமே.
முழுமையான விடை: மரம் புதுப்பிக்கத்தக்க வளம். செலுலோசு நார் நுண்ணங்கிகளால் பிரிந்தழியும். இவை சாதகமானவை. எனினும் தயாரிப்பின்போது பயன்படும் காபன் இருசல்பைட்டு தொழிலாளரின் நரம்புத் தொகுதியைப் பாதிக்கும். ஐதரசன் சல்பைட்டும் வெளியேறும். இவ்வாயுக்கள் மீளப் பெறப்படாவிடின் சூழலும் மாசடையும். எனவே மூலப்பொருளை மட்டும் கொண்டு தீர்மானிக்க முடியாது. கரைப்பான், சக்தி, கழிவு, தொழிலாளர் பாதுகாப்பு ஆகிய அனைத்தையும் கருத வேண்டும்.

(4) சுயமாக விடை எழுதுக: பகுதி 4 இலுள்ள ஐந்து வினாக்களையும் நிரலாகக் கொண்டு, பகுதி 5 இலுள்ள மூன்று கரைப்பான்களையும் ஒப்பிடும் அட்டவணை ஒன்றைத் தயாரிக்குக. இப்பாடத்தில் தரவு இல்லாத கூட்டை வெறுமையாக விடுக.

நினைவிற் கொள்ள வேண்டியவை

• செலுலோசு குளுக்கோசின் பல்பகுதியம். பீற்றா இணைப்பினால் நேரான சங்கிலியாகும்.
• கரைத்தல் என்பது சங்கிலிகளைப் பிரித்தல்; சங்கிலியை வெட்டுதல் அல்ல.
• விஸ்கோஸ் முறையின் பிரதான ஆபத்து காபன் இருசல்பைட்டு.
• அமீன் ஒட்சைட்டு, குளிர்ந்த சோடியம் ஐதரொட்சைட்டு – யூரியா, அயன் திரவம் ஆகிய மூன்றும் செலுலோசை நேரடியாகக் கரைப்பவை. மூன்றுக்கும் குறைபாடுகள் உண்டு.
• ஒரு பொருள் எதிலிருந்து செய்யப்பட்டது என்பதுடன், எப்படிச் செய்யப்பட்டது, செய்தவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பார்த்தே அது சூழலுக்கு உகந்ததா எனத் தீர்மானிக்க வேண்டும்.